பங்குனி வெயிலில் பார்க்க என்ன இருக்கிறது?

மார்ச் 19, 2025

கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்தைப் பற்றி ஒரு வாசகர் எழுதியது, அப்படியே: “தை முடிந்தால் கூந்தன்குளத்தில் பார்க்க ஒன்றுமில்லை. வெளிநாட்டுப் பறவைகள் கிளம்பிவிடும். பங்குனியில் நாங்குநேரி பக்கம் நடந்தால் மண்டை காய்வதுதான் மிச்சம். இல்லை என்று யாராவது சொல்வீர்களா?”

நான் சொல்கிறேன். ஆனால் கையில் அத்தாட்சி கிடையாது. நானும் இத்தனை வருடமாகத் தை மாதத்தில் பைக்கில் போய், கண்காணிப்புக் கோபுரத்தில் ஏறி, நாலு படம் எடுத்துக்கொண்டு மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பியவன்தான். ஞாயிற்றுக்கிழமை மூலைக்கரைப்பட்டியில் இறங்கி நடந்து பார்க்கிறேன்.

மார்ச் 23, இரவு

கால் வலி. இப்போதைக்கு இவ்வளவுதான். வரித்தலை வாத்து ஏழு இருந்தன; ஆக, “கிளம்பிவிடும்” என்பது பாதி தப்பு. பதினேழு கிலோமீட்டர் நடந்ததாகப் போன் சொல்கிறது. ஆள்காட்டி முட்டை மூன்று பார்த்தேன். கால் சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாக இருந்த நாரைகளையும் பார்த்தேன். என்ன வகை என்று பிடிபடவில்லை.

மார்ச் 24

முதலிலிருந்து எழுதுகிறேன்.

திருநெல்வேலி புதிய பேருந்து நிலையத்தில் முதல் பஸ். அந்த நிலையமே வேய்ந்தான்குளத்தில்தான் இருக்கிறது. ஒரு குளத்தில் பஸ் ஏறி இன்னொரு குளத்துக்குப் போகிறோம் என்ற நினைப்பு எனக்கு இதுவரை வந்ததில்லை. மூலைக்கரைப்பட்டியில் டீ குடித்துவிட்டு நடக்கத் தொடங்கும்போது ஆறேகால். நேர் ரோட்டில் போனால் பத்து, பன்னிரண்டு கிலோமீட்டர் இருக்கும். நான் வண்டித்தடத்தில் இறங்கிப் பனைவிளைகள் வழியாகச் சுற்றிப் போனேன்.

வெளிச்சம் வரும்போதே சோளக்குருவிக் கூட்டம் தலைக்கு மேல் போனது. எண்ணப் பார்த்தேன், இருநூறுக்கு மேல் விட்டுவிட்டேன். இந்த மைனாக்களை மார்கழியில் பார்த்தால் உடம்பு அழுக்குச் சாம்பலாக இருக்கும். இப்போது ரோஜா நிறம் நன்றாகத் தெளிந்துவிட்டது. நிறம் தெளிந்தால் மத்திய ஆசியப் பக்கம் கூடு கட்டக் கிளம்பப் போகிறது என்று அர்த்தம். ஆக, கிளம்புவதும் ஒரு காட்சிதான். தையில் போனால் அழுக்கு மைனாதான் கிடைக்கும்.

அடுத்தது பனங்காடை. இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். மின்கம்பியில் உட்கார்ந்திருக்கும்போது பழுப்பாக, தூக்கம் கலையாத ஆள் மாதிரி இருக்கும், பறந்தால் நீலம். இது எல்லோருக்கும் தெரியும். பங்குனியில் அது என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாது. ஒரு மொட்டைப்பனையின் உச்சியிலிருந்து ஆண் கிளம்பி, பனைக்கு மேலே இன்னொரு பனை உயரம் ஏறியது. அப்புறம் கழுத்தைப் பிடித்துத் தள்ளிவிட்ட மாதிரி தலைகீழாக விழுந்தது. விழும்போது இடமும் வலமுமாகப் புரள்கிறது, புரளும்போது கர்ர் கர்ர் என்று காது கிழியும்படி கத்துகிறது. தரைக்கு மூன்றாள் உயரத்தில் நிமிர்ந்து மறுபடி மேலே. ஐந்து தடவை. பெண் அந்த மொட்டைப்பனைப் பொந்தின் வாயில் உட்கார்ந்து வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தது.

எத்தனையோ தடவை அதே ரோட்டில் பைக்கில் போயிருக்கிறேன். எஞ்சின் சத்தத்தில் இது ஒன்றுமே கேட்டதில்லை.

மார்ச் 24, மதியம்

“மொட்டைப்பனையை வெட்டித்தானே வீட்டுக்கு உத்தரம் போடுகிறார்கள்?” என்று ஒருவர் கேட்கிறார். உத்தரத்துக்கு வைரம் பாய்ந்த பனை வேண்டும். மேலிருந்து சொத்தையான மொட்டைப்பனை விறகுக்குக்கூடச் சுமார்தான். அதனால்தான் அது நிற்கிறது, பனங்காடைக்கும் புள்ளி ஆந்தைக்கும் வீடு கிடைக்கிறது.

மார்ச் 25

பதநீர்க் காலம் இது என்பதை மறந்துவிட்டுத் தையோடு எல்லாம் முடிந்தது என்கிறவர்களை என்ன சொல்ல? ஏழரை மணிக்கு ஒரு விளையில் பனையேறி ஒருவர் கலயம் இறக்கிக்கொண்டிருந்தார். ஓலையை மடித்துப் பட்டை பிடித்து ஊற்றினார். முதல் பட்டை தாகத்துக்கு, இரண்டாவது ருசிக்கு.

“எங்க போறிய அண்ணாச்சி?” என்றார். பறவை பார்க்க என்றேன். சிரிக்கவில்லை. நேராக மரநாயைப் பற்றிப் புகார் சொன்னார். ராத்திரி ஏறி வந்து கலயத்தில் வாயை வைத்துவிடுகிறதாம். பாளையைச் சுற்றி முள் கட்டினாலும் பக்கத்து மட்டை வழியாக வருகிறதாம். வௌவாலும் உண்டு. “அதுக குடிச்ச மிச்சந்தான் நமக்கு” என்றார். நான் குடித்தது எந்தக் கலயம் என்று கேட்கவில்லை.

அவர் வெட்டிப் போட்டிருந்த காய்ந்த ஓலையைப் புரட்டிப் பார்த்தேன். அடிப்பக்கத்தில், மடிப்புக்குள், பனை உழவாரன் கூடு. பாதி எலுமிச்சை மூடி அளவுதான். மெல்லிய இறகும் பஞ்சும் எச்சிலால் ஓலையோடு ஒட்டியிருந்தது, விரலால் தொட்டால் காய்ந்த கஞ்சிப் பசை மாதிரி இருந்தது. முட்டையையும் அது எச்சிலால்தான் ஒட்டிவைக்கும். ஆடி மாதக் காற்றில் பனையோலை படும் பாடு தெரிந்தவர்களுக்கு ஏன் என்று விளக்க வேண்டாம். இந்தக் கூடு பழசு, காலி. மேலே அதே பறவைகள் விர்விர்ரென்று சுற்றிக்கொண்டிருந்தன.

தூக்கணாங்குருவிக் கூடுகளும் தொங்கின. அவை போன மழைக்காலத்துக் கூடுகள். ஒன்றில் சில்லைகள் நுழைந்து வந்தன. யாரோ கட்டிய வீட்டில் வாடகை இல்லாமல் குடியிருப்பு.

மார்ச் 25, இரவு

ஓணானை விட்டுவிட்டேன். உடைமரங்களுக்கு இடையே செம்மண் வெளியில் ஒரு சின்னக் கல், அதன்மேல் விரல் நீளத்தில் ஓணான். முன்னங்காலை ஊன்றி எழுந்து தொண்டையிலிருந்து வெளிறிய விசிறியை விரிக்கிறது, மடக்குகிறது. பெண் பார்க்கிறதோ இல்லையோ, விசிறல் நிற்கவில்லை. இந்த வகையில் 2016-இல் புதிதாக விவரிக்கப்பட்ட ஓர் இனத்துக்கு அறிவியல் பெயரே ‘சிட்டானா விசிறி’. நம் பனையோலை விசிறிதான். நான் பார்த்தது அதே இனமா என்று கேட்டு வம்புக்கு இழுக்க வேண்டாம். கிட்டே போவதற்குள் இரண்டு காலில் எழுந்து ஓடிவிட்டது.

மார்ச் 26

ஆள்காட்டி. எங்கள் ஆச்சிக்கு அது ஆக்காட்டி. வானம் இடிந்து விழுந்தால் தாங்கிக்கொள்ளக் காலைத் தூக்கிக்கொண்டு தூங்கும் என்பாள். தரிசு ஒன்றைக் கடக்கும்போது ஒரு ஜோடி கத்த ஆரம்பித்தது. சிவப்புமூக்கு இல்லை, மஞ்சள்மூக்கு. தண்ணீருக்குப் பக்கத்தில் நிற்பது அது, காய்ந்த வெளியில் இருப்பது இது. கத்தலின் வேகத்தைப் பார்த்தால் பக்கத்தில் முட்டை இருக்க வேண்டும். அசையாமல் குத்தவைத்துத் தரையைத் துழாவினேன்.

பின்னாலிருந்து குரல்: “எதத் தொலைச்சிய அண்ணாச்சி?”

கிடை போட்டிருந்த கோனார். முட்டை தேடுகிறேன் என்றேன். “ஒங்க வலது காலுக்குப் பக்கத்துல” என்றார்.

ஒரு சாண் தள்ளி இருந்தது. கூடு என்று ஒன்றும் இல்லை. லேசான பள்ளம், ஓரத்தில் ஆட்டுப் புழுக்கை, சின்னக் கல். முட்டையின் நிறம் அந்த மண்ணின் நிறம், மேலே கரும்புள்ளி. பார்த்துக்கொண்டே இருக்கும்போது கண்ணைச் சிமிட்டினால் மறுபடி தேட வேண்டியிருக்கிறது. படம் ஒன்று எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டேன்.

ஆடு மிதிக்காதா என்று கேட்டேன். மிதிக்காதாம். ஆடு பக்கத்தில் வந்தால் றெக்கையை விரித்துக்கொண்டு மூஞ்சிக்கு நேராக வருமாம், ஆடு ஒதுங்கிவிடுமாம். “மனுசன் மட்டுந்தான் நேரா போய் மிதிப்பான்” என்றார். என் காலைப் பார்த்துத்தான் சொன்னார்.

வெயில் ஏறியதும் ஒரு பறவை எழுந்து பறந்துபோனது. கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து முட்டைமேல் உட்காரும்போது வயிற்று இறகு நனைந்து ஒட்டியிருந்தது. தண்ணீரில் வயிற்றை நனைத்து வந்து முட்டையைக் குளிர வைக்கிறது. அடைகாப்பது என்றால் சூடு கொடுப்பது என்று படித்திருக்கிறோம். இங்கே சூட்டை இறக்க ஆள் வேண்டியிருக்கிறது.

மார்ச் 27

திருத்தம். முட்டை மூன்று என்று எழுதினேன். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் நான்கு. நேரில் பத்து நிமிடம் உற்றுப் பார்த்தும் நாலாவது கண்ணில் படவில்லை. கோனாரிடம் கேட்டிருக்கலாம்.

இடம் எங்கே என்று மூன்று பேர் கேட்டாயிற்று. சொல்ல மாட்டேன்.

மார்ச் 28

இப்போது கூந்தன்குளம். 1994-இல் சரணாலயமானது, 2021-இல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. பலகையில் எல்லாம் இருக்கிறது. மணிமுத்தாறு கால்வாயில் தண்ணீர் விட்டால்தான் இந்தக் குளத்துக்கு உயிர். அதுவும் பலகையில் இருந்தால் தேவலை.

ஊருக்குள் நுழையும்போது மணி பத்தரை. பார்ப்பதற்கு முன்னால் மூக்குக்குத் தெரிந்துவிடும். மீன் வாடையும் எச்ச வாடையும். தெருவில் இருக்கிற வேம்பு, புளி, பூவரசு எல்லாவற்றிலும் சங்குவளை நாரைக் கூடுகள். வாசலில் விழுந்து கிடந்த மீனைப் பெருக்கித் தள்ளிக்கொண்டிருந்த அக்கா ஒருவர், “எங்க தெருவுல கொழம்பு வைக்காத அன்னிக்கும் மீன் வாடை உண்டு” என்றார். சலிப்பு இல்லை. கிட்டத்தட்டப் பெருமை. தீபாவளிக்கு வெடி போடாத ஊர் இது. கூட்டிலிருந்து விழுந்த குஞ்சை எடுத்து மீன் கொடுத்துத் தேற்றும் வழக்கமும் உண்டு. எச்சம் கலந்த குளத்து வண்டல் வயலுக்கு உரம், ஆக அது வெறும் தர்மம் மட்டும் இல்லை. கொடுக்கல் வாங்கல் இருந்தால்தான் எதுவும் நாள்பட நிற்கும் என்பது என் எண்ணம்.

பைனாகுலர் இல்லாமலே தெரிகிற உயரத்தில் ஒரு கூடு. மூன்று குஞ்சுகள், வெள்ளைப் பஞ்சு, கறுத்த முகம். தாய் நாரை சூரியனுக்கு முதுகைக் காட்டி, றெக்கையைப் பாதி விரித்து, துணி உலர்த்துவது மாதிரி நின்றது. அந்த நிழலுக்குள் மூன்றும் வாயைத் திறந்துகொண்டு தொண்டையைப் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தன. நான் புளிய மரத்தடியில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அதற்குள் நிழல் நகர நகர, நாரையும் ஒரு எட்டு ஒரு எட்டாகத் திரும்பிவிட்டது. நான் நிழலுக்காக இரண்டு தடவை இடம் மாறி உட்கார்ந்தேன். அதற்கு மாற வழியில்லை.

பெரிய நாரைகள் வாயே திறப்பதில்லை, அலகை அலகோடு தட்டுவதுதான் பேச்சு. தெருவையே நிறைக்கிற இரைச்சல் குஞ்சுகளுடையது. தையில் வந்தால் படத்துக்கு நாரை கிடைக்கும். இந்தக் குஞ்சுகள் இவ்வளவு வளர்ந்து கத்துவதைப் பார்க்க வெயிலில்தான் வர வேண்டும்.

வரித்தலை வாத்துகள் குளத்தின் மறு கரையில், புல் ஓரமாக. ஏழும் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு. தலையின் பின்பக்கம் இரண்டு கறுப்புக் கோடு. திபெத், மங்கோலியா பக்கத்து உயரமான ஏரிகளில் குஞ்சு பொரிப்பவை. உடம்பில் கருவி பொருத்திப் பார்த்ததில் இமயமலையைத் தாண்டும்போது ஏழாயிரம் மீட்டருக்கு மேலே பறந்தது பதிவாகியிருக்கிறது. எனக்கு நாலு மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது.

மார்ச் 29

இன்னொரு திருத்தம். யாரும் கேட்கவில்லை, நானே சொல்லிக்கொள்கிறேன். குளத்துக்கு மேல் சேற்றுப் பூனைப்பருந்து பார்த்ததாக என் பட்டியலில் போட்டிருந்தேன். படத்தை நண்பர் ஒருவருக்கு அனுப்பினேன். இளம் செம்பருந்தாம். பழுப்பாக இருக்கும் வயதில் கருடனையும் யாரும் கன்னத்தில் போட்டுக்கொள்வதில்லை.

“ஏரி” என்று எழுதுகிறவர்களுக்கு: எங்கள் பக்கம் ஏரி கிடையாது, குளம். மதுரை, ராமநாதபுரம் பக்கம் போனால் கண்மாய். உபரித் தண்ணீர் வெளியேறுகிற இடம் மறுகால். கலங்கல் என்று எழுதினால் இங்கே பெரியவர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

ஏப்ரல் 2

கால் வெள்ளையான நாரை விவகாரம் முடிந்தது. முடிந்த விதம் எனக்கு அவமானம்.

முதலில் சேறு என்று நினைத்தேன். சேறு கறுப்பாக இருக்கும். அப்புறம் வேறு வகையோ என்று நினைத்தேன். ஊரெல்லாம் செங்கால் நாரை என்று சொல்கிற பறவைக்கு வெள்ளைக் கால் எப்படி வரும்? படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தபோது ஒரு படத்தில் நாரை தன் காலிலேயே எச்சமிட்டுக்கொண்டிருந்தது. நாரைக் குடும்பத்தின் வழக்கமாம். நீர்த்த எச்சம் காலில் வழிந்து ஆவியாகும்போது உடம்புச் சூடு இறங்கும். அதாவது அந்த வெள்ளை, வெயிலுக்கு அடித்த சுண்ணாம்பு. நம்மூர் மொட்டைமாடியில் அடிக்கிறோமே, அதே வேலை. தையில் நான் எடுத்த படங்களில் கால் இளஞ்சிவப்பாக இருக்கிறது. பங்குனிப் படத்தில் வெள்ளை.

பெயர்க் குழப்பம் தனி. செய்தித்தாளில் சங்குவளை நாரையையும் செங்கால் நாரை என்று போடுகிறார்கள், பூநாரையையும் அப்படியே போடுகிறார்கள். பறவை நூல்களில் செங்கால் நாரை என்பது ஐரோப்பாவிலிருந்து குளிர்காலத்தில் வரும் வெள்ளை நாரை. மூன்றுக்கும் கால் சிவப்புச் சாயல்தான், அதனால் யாரையும் குறை சொல்ல முடியவில்லை.

என் பழைய அவமானத்தையும் சொல்லிவிடுகிறேன். பல வருடத்துக்கு முன் பழுப்பும் அழுக்கு வெள்ளையுமாக ஒரு பெரிய நாரையைப் பார்த்துவிட்டு, இந்தப் பக்கம் வராத அபூர்வப் பறவை என்று நாலு பேரைக் காலை ஐந்து மணிக்கு எழுப்பிக் கூட்டிப் போனேன். சங்குவளை நாரையின் இளம் பறவை. அந்த நாலு பேரில் ஒருவர் இன்னமும் என்னைப் பார்த்தால் “அபூர்வம் எப்படி இருக்கு?” என்பார்.

ஏப்ரல் 5

தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு ஜனவரியில்தானே நடக்கிறது, அப்போதுதானே பறவை அதிகம் என்று கேள்வி. 2011-இலிருந்து அப்படித்தான் நடக்கிறது, வலசைப் பறவையும் இருக்கும் நேரத்தில் எண்ணுவதுதான் முறை. எண்ணிக்கைக்கு ஜனவரி சரி. அதை நான் மறுக்கவில்லை. நான் பேசுவது எண்ணிக்கையைப் பற்றி அல்ல.

ஏப்ரல் 12

நேற்று பங்குனி உத்திரம். எல்லோரையும் போல நாங்களும் சாஸ்தா கோயிலுக்கு. எங்கள் சாஸ்தா இருப்பது ஒரு குளத்தங்கரையில், சுற்றிலும் மருதும் புங்கும். பொங்கல் வைத்து, படைத்து, சாயங்காலம் எல்லோரும் ஜமுக்காளத்தில் சரிந்து கிடந்தோம். மைக் செட்டுக்கு ஜெனரேட்டரில் டீசல் தீர்ந்துவிட்டது. இப்படி ஓர் அமைதி எந்த உத்திரத்திலும் வாய்த்ததில்லை.

அப்போது புதருக்குள்ளிருந்து இரண்டு சீழ்க்கை. ஒன்று மேலே, அடுத்தது கீழே இறங்கும். மறுபடி அதே இரண்டு. மணி பார்த்தேன், ஆறு ஐந்து. ஆறுமணிக்குருவி! பெயரைக் காப்பாற்றியது. அத்தை அதைத் தோட்டக்கள்ளன் என்றாள். வாசலில் காய்ந்த இலையைக் கிளறிக்கொண்டு கள்ளன் மாதிரி தத்திப் போகுமாம். இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் கூடு கட்டுகிற பறவை. பனிக்காலத்துக்கு இங்கே வந்தது, இன்னும் சில நாளில் கிளம்பிவிடும். மதினியின் பையன் போனில் டார்ச் அடித்துப் பார்க்கலாம் என்றான். வேண்டாம் என்று பிடித்து உட்காரவைத்தேன். ஏழெட்டு முறை கூப்பிட்டது. டீசல் வந்துவிட்டது.

ஏப்ரல் 20

கூந்தன்குளம் போய் வந்தேன். வாத்து ஒன்றுகூட இல்லை. கேள்வி கேட்டவர் சந்தோஷப்படலாம்.

கோனார் கிடையை வேறு தரிசுக்கு மாற்றிவிட்டார். முட்டை இருந்த இடத்துக்கு நான் போகவில்லை. தூரத்தில் ரோட்டிலிருந்து பைனாகுலரில் பார்த்தேன், ஒன்று உட்கார்ந்திருந்தது, அல்லது கல்.

மே 4

இன்று கத்திரி தொடக்கம். கேள்வி கேட்டவர் ஊருக்கு வந்திருந்தார். நடக்கலாம் என்றேன், பைக் என்றார். பனைவிளைக்குப் பக்கத்தில் சீமைக்கருவேல முள் ஏறி டயர் பஞ்சர். முள்ளை நான் போடவில்லை. பைக்கைத் தள்ளிக்கொண்டு ரோட்டுக்குப் போகக் குறுக்கு வழி அந்தத் தரிசுதான்.

பாதி தூரத்தில் ஆள்காட்டி இரண்டு பக்கமும் எழும்பிக் கத்தின. ஒன்று எங்களுக்கு முன்னால் இறங்கி, றெக்கை ஒடிந்த மாதிரி தரையில் இழுத்துக்கொண்டு போனது. “அடிபட்டிருக்கு, பிடிக்கலாமா?” என்றார். நடிப்பு, குஞ்சு பக்கத்தில் எங்கேயோ இருக்கிறது, காலை எடுக்காதீர்கள் என்றேன். அவர் ஒரு காலைத் தூக்கினபடி நின்றுவிட்டார். எங்கே வைப்பது என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. கையில் பைக்கின் பாரம், வெயில் பதினொரு மணி.

ரொம்ப நேரம் கழித்து, முன்சக்கரத்துக்கு இரண்டு முழம் முன்னால், கல் என்று நான் மூன்று தடவை தாண்டிப் பார்த்த ஒன்றுக்குக் கண் இருப்பது தெரிந்தது. நீளக் கால்களை மடக்கி, கழுத்தை மண்ணோடு ஒட்டிப் படுத்திருந்தது. இன்னும் எத்தனை அப்படிக் கிடக்கின்றன என்று தேடினோம், தெரியவில்லை. வந்த சக்கரத் தடத்திலேயே பைக்கைப் பின்னால் தள்ளினோம். அவர் என் கால் தடத்தில் கால் வைத்து வந்தார்.